கர்னல் சி. கே. நாயுடு

சென்ற கோடை விடுமுறையில் நாம் சோளிங்கரில் சில நாள் தங்கியிருந்தோம். ஒருநாள் மாலை, பெரிய மலைக்குச் செல்லும் வழியருகேயிருந்த வெளியொன்றிலே சிறுவர் சிலர் கிரிக்கெட் ஆட முனைந்து, ஆடாமல், நெடுநேரம் வழக்காடிக் கொண்டிருந்தனர். காப்டன் யார் என்பதே வழக்கு. அக்கூட்டத்தில் நன்றாய் ஆட வல்லவன் ஒருவன்; மட்டைக்கு உடையவன் மற்றொருவன். மட்டைக்குடையவன் யாதும் பேசாது மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் வீட்டை நோக்கி நாலடி நடந்தான். அவ்வளவில் வழக்குத் தீர்ந்தது. அவனே காப்டன் ஆனான். நாமும் நகைத்துக்கொண்டு அப்பாற் சென்றோம்.

ஆயினும் மலையடிவாரம் சேருமுன் நம் நகைப்பு அடங்கிற்று. இச்சிறுவர் வழக்கு நம் தேசத்துக் கிரிக்கெட்டின் முதல் அத்தியாயமன்றோ என்ற நினைவு எழுந்தது. மகாராஜாக்கள் மட்டைக்கு உடையவராயிருந்த காலமொன்று இருந்தது. அக்காலத்திலே, மகாராஜாவாகப் பிறவாத ஒருவர், ஆட்டத்தின் வன்மை ஒன்றையே துணையாகக் கொண்டு, இந்தியக் கோஷ்டியின் முதல் டெஸ்ட் தலைவரானார். அவர் கர்னல் கொட்டாரி கனகய்ய நாயுடு. நம் மாணாக்கருள் இற்றைநாள் ஆட்டக்காரரின் ஓட்டக் கணக்கை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்லார் பலர். இவர் பெயரைக் கேட்டறிந்தார் சிலரே. ஆதலின் இவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறத் துணிந்தோம்.

கர்னல் என்னும் பட்டம் சோளிங்கருக்குப் புதிதன்று. 1781 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 ஆம் நாள், ஹைதர் அலியின் சேனையும் சர் அயர் கூட்டின் கும்பினிச் சேனையும் இவ்வூரருகே பொருதபோது, அப்பட்டமுடையார் பலர் இம்மண்ணிலே நின்றனர். நாயுடு அவர்களின் பட்டமோ பீரங்கிப் புகையிடையே வந்ததன்று. மட்டையின் வன்மை கண்டு மன்னர் ஒருவர் அளித்த உத்தியோகத்தின் வழியே வந்தது அது. அங்ஙனம் வந்ததாயினும், அதனை அவர் வெறும் அலங்காரமாக அணிந்துகொண்டாரல்லர் என்பதை மேலே காண்போம்.

நாயுடு 1895 ஆம் ஆண்டு அக்டோபர் 31 ஆம் நாள் நாகபுரியிற் பிறந்தார். தெலுங்கு பேசும் குடும்பம். வக்கீல் தொழிலாற் செல்வமும் செல்வாக்கும் எய்திய குடும்பம். ஒரே திண்ணையிலே தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஊரினராகிய சோளிங்கர் வாசிகள் இவரைத் தம்மவர் போலக் கருதுவாராயின் அதில் தவறொன்றுமில்லை. இளமையிலேயே உயரமும் விறைப்பும் வாய்ந்த உடற்கட்டு. பள்ளிப் பருவத்திலேயே பந்தாட்டத்தில் தேர்ச்சி. இவருடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றி வேறு பலவும் சொல்வர். அவற்றை விடுத்து ஆட்டக்களத்திற்கே வருவோம்.

அந்நாளில் இந்தியாவிற் கிரிக்கெட்டுக்குத் தலைநகரம் பம்பாய். ஆங்கு ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முகம்மதியர் என நான்கு கோஷ்டிகள் ஆண்டுதோறும் தம்முள் பந்தயமிட்டு ஆடின. மதத்தையும் இனத்தையும் கொண்டு கட்சி பிரித்து ஆடிய அவ்வழக்கம் 1946 இல் ஒழிந்தது நன்றேயாயினும், அந்நாளில் ஓர் இந்திய ஆட்டக்காரன் தன்னை உலகிற்கு அறிவிக்க அதனினும் பெரிய மேடை வேறில்லை. 1916 இல் நாயுடு அம்மேடை ஏறினார். இந்துக்களுக்கும் ஐரோப்பியருக்கும் பந்தயம். இந்துக்கள் 79 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த வேளையில் இருபது வயது இளைஞராகிய இவர் உட்புகுந்தார். முதல் மூன்று பந்துகளை அடக்கமாகத் தடுத்தார். நான்காம் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிச் சென்று வீழ்ந்தது. முதன்மைப் பந்தயங்களில் அவர் எடுத்த முதல் ஓட்டமே ஆறு ஓட்டம்.

இவ்விந்துக் கோஷ்டியைப் பற்றி ஒரு செய்தி சொல்லாது போக மனம் வரவில்லை. தோற் பதனிடுதலால் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழும் நம் பகுதியினர்க்கு அது சிறப்பாக உரியது. அந்நாளில் அக்கோஷ்டியின் பந்தெறியாளருள் தலைசிறந்தவர் பல்வங்கர் பாலு. அவர் பிறந்த குலம் தோற்றொழிலைச் சார்ந்ததெனக் கருதி, உயர்குலத்தார் அவரைத் தலைவராக்க இசைந்திலர். விக்கெட்டுகளை அவர் வீழ்த்தலாம். தலைமை மட்டும் ஆகாது! அவர் தம்பி விட்டல் 1923 இல் தலைவரானதே பெரும் போராட்டத்தின் பின்னர்தான். ஆட்டத் திறம் வேறு, தலைமைக்கு உரிமை வேறு என்ற எண்ணம் எத்துணை ஆழ வேரூன்றியிருந்தது என்பதற்கு இஃதொரு சான்று. குலம் ஒருபுறம், முடி மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையில் தகுதி வழிதேட வேண்டியிருந்தது.

அதே 1923 ஆம் ஆண்டில் இந்தூர் ஹோல்கார் மகாராஜா, நாயுடுவைத் தம் சமஸ்தானத்திற்கு வரவழைத்துத் தம் சேனையிற் காப்டன் உத்தியோகம் அளித்தார். படிப்படியாக அவர் கர்னல் ஆனார். அக்காலத்து ஆட்டக்காரர்க்குச் சம்பளமென ஒன்று இல்லை. ஆட்டத்தையே தொழிலாகக் கொள்வார்க்குச் சமஸ்தான உத்தியோகமே புகலிடம். உத்தியோகம் தந்த மன்னர்க்கு அடங்கி நடத்தலே அங்கு வழக்கம். இந்நிலைமையை மனத்திற் கொண்டாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவற்றின் அருமை விளங்காது.

1926 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அவர் வாழ்வில் மட்டுமன்று, நம் தேசத்துப் பந்தாட்ட வரலாற்றிலும் பொன்னெழுத்திற் பொறிக்கத்தக்க நாள். ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம். சி. சி. கோஷ்டி இங்கிலாந்திலிருந்து வந்திருந்தது. பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களோடு பந்தயம். நாயுடு உட்சென்றபோது மைதானம் நிறைந்திருந்தது. சிறிது நேரத்தில் சுற்றியிருந்த மரங்களும் மாடிகளும் நிறைந்துவிட்டன என்பர். 116 நிமிஷங்களில் 153 ஓட்டங்கள். பதின்மூன்று முறை பந்து எல்லைக்கோட்டைத் தொட்டது. பதினொரு முறை தொடாமலே கடந்து பறந்தது. ஒருமுறை அது ஜிம்கானா கட்டிடத்தின் கூரைமேல் வீழ்ந்தது. அடித்து ஆடுவாரை அறிவில்லார் என இகழ்தல் எளிது. ஆனால் அன்று அவர் ஆடியது குருட்டு வீச்சன்று; காலை நகர்த்தி, பந்தின் வரவை அளந்து, நேர் மட்டையால் அடித்த அடிகள் அவை. ஆண்ட இனத்தாரின் ஆட்டத்தில் அவ்வினத்தாரையே ஓர் இந்தியர் இங்ஙனம் திணறச் செய்தது, மரங்களில் ஏறியிருந்தாரின் உள்ளத்தில் என்ன விதைத்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க. கில்லிகனும் பெருந்தன்மையாளர். இந்தியர் டெஸ்ட் பந்தயம் ஆடத் தகுதி பெற்றுவிட்டனர் என்று அவர் மனந் தேறினார்; அதன் பயனாக 1928 இல் இந்தியக் கிரிக்கெட் கண்ட்ரோல் போர்டு நிறுவப்பட்டது.

1932 இல் இந்தியக் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. தலைவர் போர்பந்தர் மகாராஜா. உபதலைவர் லிம்ப்டி சமஸ்தானத்து இளவரசர் கனசியாம்சிங்ஜி. இருவரும் ஏன் தலைமைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பதைச் சோளிங்கர்ச் சிறுவர் விளக்குவர். ஆனால் போர்பந்தர் மன்னரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமக்கு ஆட்டம் வாராது என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்ததோடு நில்லாமல், டெஸ்ட் பந்தயத்திற்குத் தாமும் தம் உபதலைவரும் ஒதுங்கிக்கொண்டு, நாயுடுவிடம் தலைமையை ஒப்புவித்தார். கையில் இருக்கும் மட்டையைத் தானே பிறனிடம் நீட்டுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. அவர் பெயரைக் கேலிக்கு மட்டும் நினைவு கூர்வாரும் உளர். நாம் அவ்வாறு செய்யோம்.

மன்னர் ஒதுங்கினார், மற்றையோர் எளிதில் ஒதுங்கினாரல்லர். முடியில்லாத ஒருவரின் கீழ் ஆடுவதற்கு ஆட்டக்காரருள்ளே சிலர் முரண்டினர் என்பது பின்னர் வெளியாயிற்று. நாயுடுவின் கண்டிப்பும் அதற்கொரு காரணமென்பர். சேனைக் கொட்டடியின் ஒழுங்கை ஆட்டக்களத்திலும் அவர் எதிர்பார்த்தார். நேரந் தவறுதலும், சோம்பி நிற்றலும், அடிபட்டேன் என்று முனகுதலும் அவரெதிரே செல்லா. பிறரிடம் இவற்றை வேண்டியவர் தம்மிடமும் வேண்டினார் என்பது மெய். எனினும் தோளில் ஒரு தட்டலும், முகத்தில் ஒரு முறுவலும் காட்டியிருப்பாராயின் பகைவர் சிலரேனும் குறைந்திருப்பர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எங்ஙனமாயினும், 1932 ஆம் ஆண்டு ஜூன் 25 ஆம் நாள் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் பந்தயம் நாயுடுவின் தலைமையில் தொடங்கிற்று. இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின். தொடக்கத்தில் நிகழ்ந்ததை எவரும் எதிர்பார்க்கவில்லை. முகம்மது நிசாரின் கடுவேகப் பந்தில் சட்கிளிப்பும் ஹோம்ஸும் முளை இழந்தனர். உல்லி ஓடும்போது வீழ்ந்தார். 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள்! உலகை வென்ற ஆட்டக்காரர் மூவர் அரைமணிப் பொழுதில் கூடாரம் திரும்பினர். பின்னர் ஜார்டின் நிலைத்து நின்று தம் நாட்டைக் காத்தார். நாயுடுவோ பந்தைப் பிடிக்க முயன்று கையிற் காயமுற்றார். அக்கையோடு மட்டை பிடித்து அவர் எடுத்த 40 ஓட்டங்களே முதல் இன்னிங்ஸில் இந்தியர் எடுத்தவற்றுள் மிகுதியானவை. இந்தியா 158 ஓட்டங்களால் தோற்றது. ஆயினும் அன்று மைதானத்தை விட்டு வெளிவந்தவர் எவரும் இந்தியரை எளியராக எண்ணிப் போகவில்லை.

அவ்விங்கிலாந்துப் பிரயாணத்தில் முதன்மைப் பந்தயங்களில் மட்டும் நாயுடு எடுத்த ஓட்டங்கள் 1618; வீழ்த்திய விக்கெட்டுகள் 65. லார்ட்ஸ் மைதானத்தில் எம். சி. சி.க்கு எதிராக ஆட்டமிழக்காமல் 118 எடுத்தார். பர்மிங்ஹாமில் வார்விக்ஷயருக்கு எதிராக 162. அங்கு அவர் அடித்த பந்தொன்று மைதானத்தையடுத்த ரே ஆற்றைக் கடந்து வீழ்ந்ததாகவும், அவ்வாறே அந்நாளில் மாவட்ட எல்லையாகலின் அவர் ஒரு மாவட்டத்தில் நின்று மறு மாவட்டத்தில் பந்தை எறிந்தார் எனவும் வேடிக்கையாகச் சொல்வர். 1933 இல் விஸ்டன் ஆண்டுமலர் அவரை ஐவர் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகத் தெரிந்து பாராட்டிற்று. அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தேழு. மற்றையோர் மட்டையைப் பரண்மேல் ஏற்றும் வயதில் இவர் உலகறியத் தொடங்கினார்.

1933-34 இல் ஜார்டின், ஆஸ்திரேலியாவில் உடலை நோக்கிப் பந்தெறிவித்த பழி இன்னும் ஆறாத நிலையில், கோஷ்டியோடு இந்தியா வந்தார். முதல் டெஸ்ட் பம்பாயில். இளைஞர் லாலா அமர்நாத் 118 எடுத்து இந்தியரின் முதல் டெஸ்ட் சதத்தை நிறுவினார். மறுமுனையில் 67 எடுத்து அவரை நடத்திச் சென்றவர் நாயுடு. இருவரும் சேர்ந்து 186 ஓட்டங்கள். கல்கத்தாவில் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மூன்றாம் பந்தயம் பிப்ரவரி 10 ஆம் நாள் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று.

சேப்பாக்கம் நாயுடுவுக்குப் புதிதன்று. புச்சி பாபு நாயுடு விதைத்துச் சென்ற முயற்சியின் பயனாய், பொங்கற் காலத்தில் இந்தியரும் ஐரோப்பியரும் ஆடிய மாகாணப் பந்தயத்தில் அவர் முன்னரே ஆடிச் சென்னையாரின் உள்ளங்கவர்ந்தவர். டெஸ்ட் பந்தயத்தில் அமர் சிங் 86 ஓட்டங்கள் கொடுத்து ஏழு விக்கெட்டுகள் வீழ்த்தினார். எனினும் வெரிட்டியின் சுழற்பந்தும் கிளார்க்கின் வேகமும் இந்தியரை முறித்தன. கிளார்க் எறிந்த பந்தை அடிக்க முயன்ற நவுமால் முகத்தில் அடிபட்டுக் களத்தை விட்டு நீங்கினார். இற்றைநாள்போல் தலைக்கவசம் அந்நாளில் இல்லை. நடுவே தக்கை, அதன்மேல் இறுகச் சுற்றிய நூல், அதன்மேல் பதனிட்ட தோல், நிறை ஐந்தரை அவுன்சு: இவ்வாறமைந்த பந்து கன்னத்தில் மோதினால் யாதாகும் என்பதை, ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோலின் கடுமையைக் கையால் தொட்டறிந்த நம் மாணாக்கர்க்கு நாம் உரைக்க வேண்டுவதில்லை. இந்தியா 202 ஓட்டங்களால் தோற்றது. நாயுடு தலைமை தாங்கிய டெஸ்ட் பந்தயங்கள் நான்கு. மூன்றில் தோல்வி, ஒன்று சமம். அதற்குமேல் அவர்க்குத் தலைமை கிட்டவில்லை.

கிட்டாமைக்குக் காரணம் தோல்வியன்று. 1936 இல் இங்கிலாந்து சென்ற கோஷ்டிக்கு விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைவரானார். பணமும் செல்வாக்கும் உடையவர். ஆட்டமோ அவர் விரும்பிய அளவு அவரை விரும்பிற்றில்லை. போர்பந்தர் மன்னர் செய்ததை இவர் செய்தாரல்லர்; மூன்று டெஸ்டிலும் தாமே தலைமை தாங்கினார். கோஷ்டி இரண்டுபட்டது. அமர்நாத் முதல் டெஸ்டுக்கு முன்னரே தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டார். நாயுடுவைக் காலையுணவு மேசையிற் பலரறிய அவமதித்த ஓர் ஆட்டக்காரர்க்கு அதற்குக் கைம்மாறாக டெஸ்டில் இடமளிக்கப்பட்டது என்று பலரும் எழுதியுள்ளனர். மெய்யோ பொய்யோ, அத்தகைய பேச்சு எழக்கூடிய நிலை அங்கு இருந்தது. நாயுடு தலைவரை அண்டிப் பிழைக்க முயலவில்லை. குனிந்திருந்தால் தொல்லை குறைந்திருக்கும்.

ஓவல் மைதானத்தில் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நடந்த மூன்றாம் டெஸ்டே அவர்க்குக் கடைசி டெஸ்ட். வயது நாற்பது. ஆலன் எறிந்த வேகப் பந்து அவர் உடலிற் பலமாகத் தாக்கிற்று. களம் நீங்காது நின்று 81 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் பந்தயங்களில் அவர் ஒரு இன்னிங்ஸில் எடுத்தவற்றுள் மிகுதி அதுவே. ஏழு டெஸ்டுகள், 350 ஓட்டங்கள்: கணக்கை மட்டும் நோக்குவார்க்கு அவர் சாதாரண ஆட்டக்காரராகவே தோன்றுவர். இருபதாண்டு காலம் பிந்திப் பிறந்திருந்தால் அக்கணக்கு எவ்வாறிருக்கும் என்று வீணே எண்ணாதிருக்க நம்மால் முடியவில்லை.

டெஸ்ட் முடிந்தது, கர்னலின் வேலை முடிந்ததில்லை. இந்தூரில் ஹோல்கார் கோஷ்டியை அவர் சேனைபோலவே திரட்டினார். முஷ்டாக் அலி, சர்வாதே, நிம்பால்கர், தம் தம்பி சி. எஸ். நாயுடு முதலியோர் அவர் கீழ் ஆடினர். இரண்டாம் உலகப்போரின்போது மௌ பாசறையிலிருந்த ஆங்கிலச் சார்ஜெண்டு டெனிஸ் காம்ப்டனும் 1944-45 ரஞ்சிக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் ஹோல்காருக்காக ஆடி, ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார். அப்பந்தயத்தில் சி. எஸ். நாயுடு எறிந்த பந்துகள் 917! களைப்பைப் பற்றி அண்ணனிடம் முறையிடும் துணிவு தம்பிக்கும் இல்லை போலும். பம்பாயே வென்றது. மறுவருஷம் பரோடாவுக்கு எதிரே நாயுடு தம் ஐம்பதாம் வயதில் 200 ஓட்டங்கள் எடுக்க, ஹோல்கார் கோப்பையைக் கைக்கொண்டது. 1945-46, 1947-48, 1950-51, 1952-53 என நான்கு முறை அக்கோப்பை இந்தூர் சென்றது. நம் சென்னைக் கோஷ்டி அக்கோப்பையை முதன்முதலாக வென்றதும் 1954-55 இல் இந்தூரில் ஹோல்காரை வென்றேயாம்; அப்போது கர்னல் அங்கு ஆட்டக்காரராக இல்லை என்பதையும் சென்னைப் பற்றுடைய நாம் நேர்மையோடு ஒத்துக்கொள்ளுகிறோம்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை எய்தியதும் சேப்பாக்கத்திலேயே. 1952 ஆம் ஆண்டு பிப்ரவரி 10 ஆம் நாள், நாயுடு அங்குத் தோற்ற பதினெட்டாண்டுகளுக்குப் பின்னர். அவ்வமயம் ஐம்பத்தாறு வயதினராகிய அவர் இன்னும் ஹோல்காருக்கு ஆடிக்கொண்டிருந்தார். அவ்வயதில், பம்பாய்க்கு எதிரான பந்தயமொன்றில் பட்கர் எறிந்த பந்து வாயில் மோதி அவர் பற்கள் இரண்டு உதிர்ந்தனவாம். அவற்றை மட்டையால் ஒதுக்கிவிட்டு மீண்டும் ஆட நின்றார். இரங்கி மெதுவாகப் பந்தெறிய வந்த பட்கரையும் வழக்கம்போல் வேகமாக எறியுமாறு பணித்தார் என்று கிரிக்கெட் உலகில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சமஸ்தானம் 1948 இல் மத்திய பாரதத்தோடு இணைந்துவிட்டது. அதன் சேனையும் மறைந்தது. கர்னல் மட்டும் கர்னலாகவே நின்றார்.

1956 இல் இந்திய அரசாங்கம் அவர்க்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. விருது பெற்றார் ஓய்வு பெறுதல் உலக வழக்கு. இவரோ 1956-57 இல், அறுபத்தொரு வயதில், உத்தரப் பிரதேசக் கோஷ்டிக்குத் தலைமை பூண்டு ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் இறங்கி, ஓர் இன்னிங்ஸில் 84 ஓட்டங்கள் எடுத்தார். சோளிங்கர்ப் பெரிய மலையின் ஆயிரத்து முந்நூறு படிகளையும் ஏறி முடித்து இளைப்பாறும் இளைஞர், அவ்வயதில் நாள் முழுதும் வெயிலில் நிற்பது எத்தன்மைத்து என்பதை அங்கிருந்தே எண்ணிப் பார்க்கலாம்.

1967 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள் அவர் இந்தூரில் காலமானார். இளைஞர்க்கென நடைபெறும் தேசியப் பந்தயமொன்றும், கிரிக்கெட்டுக்கு வாழ்நாள் முழுதும் தொண்டு செய்தார்க்குக் கண்ட்ரோல் போர்டு வழங்கும் விருதும் அவர் பெயரால் விளங்குகின்றன. அவ்விருது 1994 இல் ஏற்பட்டபோது முதலிற் பெற்றவர், பம்பாயில் நாயுடுவை மறுமுனையில் வைத்துக்கொண்டு சதமடித்த அதே லாலா அமர்நாத். கர்னலின் புதல்வி சந்திரா, கிரிக்கெட் பந்தயங்களை வானொலியில் வருணித்த இந்தியப் பெண்மணிகளுள் முன்னோடி. தம் தந்தையைப் பற்றி அவரே ஒரு நூலும் எழுதி, 1995 இல், தந்தை பிறந்த நூறாம் ஆண்டில், வெளியிட்டார்.